வேனின் பின் சீட்டில் ஒரு குழந்தை

நான்கு வருடங்களுக்கு முன், மலேசியாவின் கேமரன் மலையில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் நடந்தது இது. அப்போது லயத்து வீடுகளில் இருக்கும் தொழிலாளர் பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளிக்கு ஏற்றிப் போகும் வேனை நான்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். கோவிட் வந்து பத்து நாள் படுத்து, எழுந்து, மறுபடி வேலையில் சேர்ந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

உண்மையில் காய்ச்சல் மட்டும்தான் போயிருந்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே சொல்ல வந்தது மறந்துவிடும். அரிசியைக் களைந்து வைத்துவிட்டு அடுப்பைப் பற்றவைக்க மறப்பேன். வீட்டில் சிரிப்பார்கள், நானும் சேர்ந்து சிரித்துக்கொள்வேன்.

அன்று காலை நல்ல பனிமூட்டம். பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, தானா ராத்தா டவுனுக்குப் போய் வேனைப் பூட்டிவிட்டுக் கடைக்குள் நுழைந்தேன். அப்போதுதான் பையை வேனிலேயே விட்டது தெரிந்தது. அலுத்துக்கொண்டே திரும்பி வந்து கதவைத் திறந்தால், பின் சீட்டிலிருந்து அழுகைச் சத்தம். பள்ளியில் முதலாம் ஆண்டு படிக்கும் ஏழு வயதுச் சின்னப் பெண். வழியில் தூங்கிப் போயிருக்கிறாள். எல்லாரும் இறங்கிவிட்டார்களா என்று நான் பார்க்கவே இல்லை. பார்த்த மாதிரி மட்டும் நினைவு.

அவளைத் தூக்கி வைத்துக்கொண்டு நானும் அழுதேன். பள்ளிக்குக் கொண்டுபோய் விட்டு, ஆசிரியையிடம் உள்ளதைச் சொன்னேன். குழந்தையின் வீட்டில் நானே சொல்லிக்கொள்கிறேன் என்றேன்.

மாலையில் குழந்தையோடு அவள் வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா தேயிலைக் கொழுந்து எடுத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். என்னைவிட வயதில் சின்னவர். நான் சொல்லி முடிக்குமுன்னே பதறிவிட்டார்.

"என்னக்கா சொல்றீங்க? பிள்ளய உள்ள வச்சுப் பூட்டிட்டா போனீங்க?"

மகளை இழுத்து அணைத்துக்கொண்டார். என் முகத்தையே பார்க்கவில்லை. நான் வாசலிலேயே நின்று, இப்போதெல்லாம் எதுவும் நினைவில் நிற்பதில்லை என்றேன். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அந்தக் காய்ச்சலுக்கு அப்புறம்தானே இப்படி?"

தலையாட்டினேன்.

"எனக்கும் வந்துச்சுல்ல. இப்ப நாலு அடி மேடு ஏறுனா மூச்சு வாங்குது. கங்காணி சோம்பேறிங்கிறாரு. யாருகிட்டக்கா சொல்றது?" என்றவர், உடனே குரலை மாற்றிக்கொண்டார். "ஆனா நாளைக்கு நீங்க வண்டி எடுக்கக் கூடாதுலா. மொதல்ல டாக்டரப் பாருங்க. நானும் வர்றேன்."

மறுநாள் இரண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கிருமி போன பிறகும் சிலருக்கு மாதக்கணக்கில் இப்படித் தொந்தரவு இருக்கும் என்றார் டாக்டர். தெளியும்வரை நான் வண்டி ஓட்டக் கூடாது என்றார். குழந்தையின் அம்மாவுக்கு லேசான வேலை கொடுக்கச் சொல்லித் தோட்டத்துக்கு ஒரு கடிதம் எழுதித் தந்தார். வெளியே வந்ததும் அதை எனக்குக் காட்டி, "நான் சோம்பேறி இல்லன்னு எழுதிக் குடுத்துட்டாங்கக்கா" என்று சிரித்தார். கண் கலங்கியிருந்தது.

ஐந்து மாதம் என் தம்பிதான் வேன் ஓட்டினான். டாக்டர் சரி என்ற பிறகு நான் திரும்ப வந்தபோது சில பெற்றோர் தயங்கினார்கள். அது நியாயம்தான். முதல் நாள் தன் மகளைக் கைப்பிடித்து என் வண்டியில் ஏற்றிவிட்டவர் அவர்தான்.

குற்றத்தைச் சொல்லப் போன இடத்தில் என் நோயைக் கேட்டுத் தெரிந்துகொண்டாரே, அதற்கு என்ன கைம்மாறு செய்வதென்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.