பாதுகாப்பு வகுப்பும் பாசமுள்ள பெரியவர்களும்

செல்போனில் பத்திரமாக இருப்பது எப்படி என்று பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவது என் பிழைப்பு. சாப்பிட்டதும் கண்ணைச் சொக்கும் பீரியட்டைத்தான் நமக்கென்று ஒதுக்குவார்கள் என்பது இதே பிழைப்பில் இருக்கும் உங்களுக்கும் தெரியும்.

நல்ல விஷயம்

ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு பள்ளி. "கண்ட குரூப்பிலும் பிள்ளைகள் படத்தைப் போடக் கூடாது" என்று உயிரைக் கொடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். தலைமை ஆசிரியர் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார். வகுப்பு முடிவதற்குள் அந்தப் படங்கள் பெயர், வகுப்பு, பிரிவு சகிதம் ஊர் குரூப்புகளில் வலம் வந்துவிட்டன. என்ன சார் இது என்றேன்.

"நாலு பேருக்குப் போய்ச் சேரட்டும் மேடம். நீங்ககூட அதுல நல்லா விழுந்திருக்கீங்க!"

ரகசிய எண்

தொப்பம்பட்டியில் பெற்றோர் கூட்டம். ரகசிய எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று விளக்கி முடித்தேன். ஒரு தக்காளி விவசாயி எழுந்து, மகன் தன் போனைப் பூட்டியே வைத்திருக்கிறான் என்று புகார் வாசித்தார். உங்கள் போனுக்கு என்ன பூட்டு என்று கேட்டேன். அதைத் திறப்பதும், பேங்க் வேலை பார்ப்பதும் அந்த மகன்தானாம். இவ்வளவு நேரம் யாருக்கு விளக்கினேன் என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"ஏனுங்க, நம்பரை நான் யாருகிட்டயும் சொல்லலீங்க. எனக்கே தெரியாதுங்களே!"

யாருக்குப் பயம்?

ஆயக்குடியில் வகுப்பு முடிந்ததும் பிளஸ் ஒன் மாணவி ஒருத்தி தயங்கி நின்றாள். எவனோ அவள் முகத்தை ஆபாசப் படத்தில் ஒட்டி அனுப்பி, நிஜப் படம் அனுப்பாவிட்டால் ஊருக்கே பரப்புவேன் என்று மிரட்டுகிறானாம். எதையும் அனுப்பாதே, எதையும் அழிக்காதே, வீட்டில் சொல்லிப் புகார் கொடுப்போம் என்றேன். வீடு என்றதும் அழ ஆரம்பித்துவிட்டாள்.

"அவனுக்குக்கூட நான் பயப்படலீங்க மிஸ். அப்பாவுக்குத் தெரிஞ்சா படிப்ப நிறுத்திருவாருங்க."

அப்பா வந்தார்

அவளைப் பேசிச் சம்மதிக்க வைத்து, கொய்யா வியாபாரியான அப்பாவைப் பள்ளிக்கு வரவழைத்தோம். அவள் சொன்னபடியே நடந்தது. படித்தது போதும், வீட்டில் கிட என்று குதித்தார். மிரட்டியவனைப் பற்றி மூச்சே இல்லை.

அவருடைய முகநூல் பக்கத்தை அவரிடமே திறந்து காட்டினேன். பத்தாம் வகுப்பில் மகள் பள்ளியிலேயே முதலாக வந்ததற்கு பஸ் ஸ்டாப்பில் அவர் கட்டிய ஃப்ளெக்ஸ் அதில் இருந்தது. பெயர், பள்ளி, ஊர், ஆளுயரச் சிரிப்பு. அந்த அயோக்கியன் வெட்டி எடுத்தது அந்தச் சிரிப்பைத்தான். மகளோ தன் படத்தை எங்குமே போட்டதில்லை. மனிதர் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அங்கேயே புகாரில் கையெழுத்துப் போட்டார். போலீஸார் மிரட்டியவனின் கணக்கை முடக்கினார்கள். பிறகொரு நாள் அந்தப் பள்ளிக்கு நான் போயிருந்தபோது, மகளை இறக்கிவிட வந்தவர் என்னைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தினார்.

"அவ படிக்கட்டுங்க மிஸ். ஃப்ளெக்ஸ நிறுத்திக்கறனுங்க."

பிள்ளைகளை விளையாட அனுப்பிவிட்டு, பெற்றவர்களைப் பெஞ்சில் உட்கார வைத்து முதலிலேயே இந்த வகுப்பை எடுத்திருந்தால் எனக்குத் தொண்டைத் தண்ணீராவது மிஞ்சியிருக்கும்.