கோழித் தகரத்துச் சுடுதண்ணீர்

பிள்ளைகளே, என் வலது கட்டைவிரலில் இருக்கிற வெள்ளைத் தழும்பைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பீர்களே, அதன் கதை இது.

எனக்குக் கல்யாணமான புதிதில் மலைநாட்டு அட்டன் பட்டணத்தில் ஒரு கோழிக்கடையின் பின்கட்டில் வேலை செய்தேன். அறுத்த கோழியைத் தகரத்துச் சுடுதண்ணீரில் முக்கி, இறகு பிடுங்கி, குடல் எடுத்துக் கொடுப்போம். எல்லாம் தேயிலைத் தோட்டத்துத் துரைமார் பங்களாக்களுக்குப் போகும். கத்தியோ எலும்போ கையைக் கிழிக்காத நாள் கிடையாது. கிழித்தால் எங்களுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம், அந்தத் தண்ணீரிலேயே கையை முக்குவதுதான். சூடு விஷத்தை முறித்துவிடுமாம். காலையிலிருந்து அத்தனை கோழி முங்கி எழுந்த தண்ணீராச்சே என்பது ஒருத்தருக்கும் உறைக்கவில்லை.

ஒருநாள் முறிந்த எலும்பு கட்டைவிரலில் ஏறியது. முக்கினேன். மூன்றாம் நாள் விரல் கத்தரிக்காய் மாதிரி வீங்கி, முழங்கை வரைக்கும் சிவப்புக் கோடு ஓடிவிட்டது.

"தண்ணி சூடு பத்தல தம்பி. இன்னொருக்கா முக்கு" என்றாள் கூட இறகு பிடுங்கும் அக்கா.

உங்கம்மா விடவில்லை. "கையில்லாத மனுசனை வச்சுக்கிட்டு நான் என்னாங்க பண்றது? எந்திரிங்க" என்று ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனாள்.

"எதில நனைச்ச?" என்று டாக்டர் கேட்டார். சொன்னேன்.

"கோழியைத்தான் சூப்பு வைப்பாங்க. நீ கையையும் சேர்த்து வச்சிருக்கியேப்பா!"

சீழைக் கீறி எடுத்து ஊசி போட்டார். "ரெண்டு நாள் பார்ப்போம். வத்தலைன்னா விரலை எடுக்கணும்" என்றார்.

அந்த இரண்டு நாளும் உங்கம்மா வார்டுக்கு வந்து சோறு ஊட்டினாள். "நல்லா வாயைத் தொறங்க. கோழிக்குஞ்சு கூட ஒழுங்கா திங்கும்" என்று திட்டிக்கொண்டே ஊட்டினாள். நானோ, கட்டைவிரல் இல்லாதவன் எந்தக் கத்தியைப் பிடிப்பான், எந்தத் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுவான் என்றே யோசித்துக் கிடந்தேன்.

மூன்றாம் நாள் காலை கட்டை அவிழ்த்தார்கள். சிவப்புக் கோட்டைக் காணோம்.

"மடக்கு."

மடங்கியது.

"பொழைச்ச, போ" என்றார் டாக்டர்.

உங்கம்மா வராந்தாவில் உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்ததும், "எனக்குப் பசிக்குதுங்க" என்றாள். இரண்டு நாளாக அவள் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கடையில் ரொட்டி வாங்கி, தேங்காய்ச் சம்பலைத் தொட்டு, இரண்டு பேரும் சிரித்துச் சிரித்துத் தின்றோம்.

புண் ஆறி வேலைக்குத் திரும்பிய அன்று, மற்றவர்கள் வருமுன்னே போய்ப் பின்கட்டைத் திறந்தேன். கை கிழிந்தால் கழுவ, வீட்டுச் சட்டியில் குழாய்த் தண்ணீர் பிடித்து, கொதிக்கவைத்து இறக்கி மூடினேன். பக்கத்தில் ஒரு சவுக்காரத் துண்டை வைத்தேன். யாரும் மறந்து கோழியை முக்கிவிடக் கூடாதே என்று, சட்டியின் கழுத்தில் ஒரு சிவப்புத் துணியைச் சுற்றி முடிச்சுப் போட்டேன்.