ஏற்காடு இறக்கம்: சூடான பிரேக்கும் தவறான கணக்கும்

சென்ற ஜனவரியின் கடைசிச் சனிக்கிழமை ஏற்காடு போய் வந்தேன். ஸ்கூட்டரில் போக நினைப்பவர்களுக்கு உதவும் என்று எழுதத் தொடங்கினேன். ஆனால் போன காரணத்தைச் சொல்லாமல் இதை எழுத முடியாது.

என் முனைவர் பட்ட ஆய்வு, குவாண்டம் இயக்கவியலில் உராய்வு பற்றியது. பயப்பட வேண்டாம், ஒரு பத்திதான். அந்த இயக்கவியலின் அடிப்படைச் சமன்பாட்டில் உராய்வு என்று ஒன்று கிடையாது. மொத்த ஆற்றல் எங்கும் தொலைவதில்லை. பிறகு ஒரு துகள் ஏன் ஆட்டம் குறைந்து அடங்குகிறது? அதைச் சுற்றி எண்ணற்ற குட்டி ஸ்பிரிங்குகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். துகளின் ஆற்றல் அவற்றுக்குள் சிதறிவிடுகிறது. சிதறியது மீண்டும் ஒன்றுசேர்ந்து திரும்ப நெடுங்காலம் ஆகும் என்பதால், நம் கண்ணுக்கு அது போனது போனதுதான். கணினியில் எண்ணற்றதைப் போட முடியாது. நான் அறுபது போட்டேன். கொஞ்ச நேரத்தில் ஆற்றல் துகளுக்கே திரும்பி வந்தது. புதிய விளைவைக் கண்டுபிடித்துவிட்டதாகத் துள்ளினேன்.

ஆய்வகத்தில் எனக்கு நான்கு வருடம் இளையவளான தேன்மொழி, அறுபது போதாது, எண்ணிக்கையைக் கூட்டிப் பார்ப்போம் என்றாள். பொறாமை என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டேன். நாங்கள் சேர்ந்து எழுதிக்கொண்டிருந்த கட்டுரையிலிருந்து தன் பெயரை எடுத்துவிடச் சொன்னாள். எடுத்தேன், தனியாக ஆய்விதழுக்கு அனுப்பினேன். அதன்பின் இரண்டு மாதம் பேச்சில்லை. அவள்தான் முதலில் கூப்பிட்டாள். சேலத்தில் அவள் வீட்டுக்கு வந்தால் ஒரு நாள் மலைக்குப் போய் வரலாம் என்றாள்.

காலை 6.40க்கு அவளுடைய கியரில்லாத ஸ்கூட்டரில் கிளம்பினோம். பெட்ரோல் 200 ரூபாய். அடிவாரம் 7.15. சேலத்திலிருந்து ஏற்காடு ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர், இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது அவள் ஓட்டினாள். 8.30க்கு ஏரிக்கரையில் இட்லியும் காபியும், இருவருக்கு 140 ரூபாய். கிளியூர் அருவியில் நீர் நூலாகத்தான் விழுந்தது. அதைப் பார்க்க வேண்டுமானால் மழைக்காலம் முடிந்தவுடன் போங்கள். வழியெல்லாம் மிளகுக்கொடிகளையும் காபிச் செடிகளையும் பற்றிப் பேசினோம். ஆய்வைப் பற்றி ஒரு சொல் இல்லை.

2.30க்கு இறங்கத் தொடங்கினோம். இப்போது நான் ஓட்டினேன். வளைவு எண்கள் இருபதிலிருந்து குறைந்துகொண்டே வரும். பதினான்கில் தேன்மொழி, ஏதோ கருகும் வாடை வருகிறது, கொஞ்சம் நிறுத்தலாம் என்றாள். முன்னால் போகும் லாரியிலிருந்து வருகிறது என்றேன். ஒன்பதாம் வளைவில் பிரேக்கைப் பிடித்தேன். கைப்பிடி முழுதாக உள்ளே வந்தது, வண்டி நிற்கவில்லை. இடது பக்கம் மேலேறும் மலைச்சரிவு, வலது பக்கம் கைப்பிடிச் சுவரும் அதற்கப்பால் வெறும் காற்றும். மலைப் பக்கத்து மண்மேட்டில் வண்டியைச் சாய்த்தேன். என் முழங்கால் சிராய்த்தது. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

பின்னால் வந்த ஜீப் நின்றது. ஓட்டுநர் செபாஸ்டியன், கிளியூர்க்காரர், எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றுபவர். நான் தண்ணீர் பாட்டிலைத் திறந்துகொண்டு பின்சக்கரத்தின் அருகே போவதைப் பார்த்துவிட்டார்.

"ஏனுங்க, தண்ணி கிண்ணி ஊத்திப்புடாதீங்க. நொம்ப சூடா இருக்குது, வெடிச்சுப் போயிரும். தானா ஆறோணும்."

அவசரம் இல்லை, தானும் நிற்கிறேன் என்று சொல்லிவிட்டு ஜீப்பின் நிழலில் உட்கார்ந்துகொண்டார். நாற்பது நிமிடம் காத்திருந்தோம். தேன்மொழி கைக்குட்டையை நனைத்து என் முழங்காலைத் துடைத்தாள். வாடை வருகிறது என்று தான் சொன்னதைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"நீ கூட்டிப் பார்த்தியா?" என்று கேட்டேன். எதைக் கேட்கிறேன் என்று அவளுக்குத் தெரிந்தது.

"பாத்தனுங்க அக்கா. நானூத்தி எம்பது வரைக்கும்."

எண்ணிக்கையை இரட்டிப்பாக்கும் போதெல்லாம் ஆற்றல் திரும்பும் நேரமும் ஏறக்குறைய இரட்டிப்பாகியிருந்தது. நானூற்று எண்பதில், கணக்கிட்ட நேரத்துக்குள் அது திரும்பவே இல்லை. என் புதிய விளைவு, சுற்றுப்புறத்தைச் சிறிதாக வைத்ததால் வந்த பிழை, அவ்வளவுதான்.

"ஏன் எனக்கு அனுப்பலை?"

"அனுப்பினனுங்க. நீங்க கட்டுரைய அனுப்பறதுக்கு முந்துன வாரமே. நீங்க தொறந்து பாக்கல."

கைபேசியில் தேடினேன். படிக்காத அஞ்சல்களுக்கு நடுவே இருந்தது. அங்கேயே அழுதேன். செபாஸ்டியன், கால் வலிக்கிறது போலும் என்று நினைத்து ஜீப்பில் மருந்து தேடினார்.

பிரேக் ஆறியதும் தேன்மொழியை ஜீப்பில் ஏற்றிக்கொண்டார். வண்டியில் பாரம் குறையும் என்றார். அவர் முன்னால் நிதானமாகப் போக, நான் பின்னால் போனேன். மூன்று வளைவுக்கு ஒருமுறை நிறுத்தினார். அடிவாரத்தில் நான் நீட்டிய பணத்தை வாங்கவில்லை. ஒரு டீ மட்டும் குடித்தார். ஊர் போய்ச் சேர்ந்ததும் ஒரு மிஸ்டு கால் கொடுக்கச் சொல்லி எண்ணைக் கொடுத்தார், என் எண்ணையும் வாங்கிக்கொண்டார். அவர் போனபின், அதே பெஞ்சில் உட்கார்ந்து கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக ஆய்விதழுக்கு எழுதினேன். என் வழிகாட்டி ஆசிரியர் கோபிக்கவில்லை. பட்டம் ஆறு மாதம் தள்ளிப்போகும் என்று மட்டும் சொன்னார். இப்போது தேன்மொழியும் நானும் பெரிய சுற்றுப்புறத்தோடு எல்லாவற்றையும் முதலிலிருந்து போட்டுக்கொண்டிருக்கிறோம்.

போகிறவர்களுக்குச் சில: கியரில்லாத வண்டியில் ஆக்சிலேட்டரை முழுதாக விட்டால் வேகம் குறைந்ததும் எஞ்சினின் பிடி விட்டுவிடும், முழுச் சுமையும் பிரேக்குக்கு வரும். எஞ்சினை அணைத்துவிட்டு இறங்காதீர்கள். பிரேக்கைத் தொடர்ந்து பிடித்தபடியே வராதீர்கள், வேகம் ஏறும் முன்பே விட்டு விட்டுப் பிடியுங்கள். நான்கைந்து வளைவுக்கு ஒருமுறை நிறுத்துங்கள். கருகும் வாடை உங்கள் வண்டியிலிருந்துதான் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். குப்பனூர் வழியும் உண்டு, அதில் நான் போனதில்லை.

அன்று மாலை தேன்மொழி வீட்டுக்கு வந்து, அவள் அம்மா போட்ட தோசையைச் சாப்பிட்டு, பேசிக்கொண்டே இருந்ததில் மிஸ்டு கால் கொடுக்க மறந்துபோனோம். ஏழு மணிக்கு என் கைபேசி அடித்தது. எடுத்தேன்.

"ஊடு போய்ச் சேந்துட்டீங்களா கண்ணு? ரெண்டு பேரும்?"

இரண்டு பேரும் என்றேன்.