சுழி லேஸும் நானும்

பாபின் லேஸ் பின்னுகிற தொழிலில், ஊசியை உருவி லேஸை நிமிர்த்திப் பார்க்கும்வரை நிம்மதி கிடையாது. ஸ்வெட்டர் பின்னியும் எம்பிராய்டரி போட்டும் கழுத்து வலித்த சகோதரிகளே, உங்களுக்குத்தான் இது புரியும்.

பிரதட்சிணம்

திண்டின்மேல் படத்தை வைத்துக் குண்டூசி குத்தி, நூல் சுற்றிய பாபின் குச்சிகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவதுதான் எங்கள் வேலை. நேர் லேஸ் என்றால் உட்கார்ந்த இடத்திலேயே முடியும். சுழி வளைந்துகொண்டே போகும். முதல் சுழியின்போது நானும் வளைவுக்குத் தக்கபடி நாற்காலியை இழுத்து இழுத்து மேசையைச் சுற்றி வந்தேன். எதிரே பின்னிக்கொண்டிருந்த பிலோமின் அக்கா ரொம்ப நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தேர் மாதிரி நீ ஏன்டி சுத்துற? திண்டத் திருப்பு."

மேசை விரிப்பு

அரியாங்குப்பத்துப் பெண் ஒருத்தி வட்டச் சுழி விரிப்பு ஒன்று வாங்கிப்போனாள். அடுத்த வாரமே திரும்பி வந்து நின்றாள். நூல் பிரிந்துவிட்டதோ என்று பயந்து கேட்டேன். "வட்டமா, ஓட்ட ஓட்டயா இருந்துச்சா, மாமியார் இட்லித் துணின்னு போட்டுட்டாங்க. இட்லியில சுழி சுழியா டிசைன் விழுந்துடுச்சி. இன்னொண்ணு வாங்கியாரச் சொன்னாங்க."

ஸ்டெல்லாவின் சங்கு

குருசுக்குப்பத்து ஸ்டெல்லாவின் அப்பா கடலுக்குப் போகிறவர். சிறு வயதில் அவர் கொடுத்த சங்கைக் கொண்டுவந்து, கல்யாண முக்காட்டில் அதே சுழி வேண்டும் என்றாள். அப்படியே பார்த்து வரைந்து, மாதக்கணக்கில் பின்னினேன்.

பின்னும்போது மேலே தெரிவது லேஸின் பின்பக்கம். முடிச்செல்லாம் அங்கேதான் விழும். அதனால் படத்தை இடம் வலம் மாற்றி வரைய வேண்டும். அதை நான் மறந்துபோனேன். கல்யாணத்துக்கு முதல் நாள் நிமிர்த்தினால், சுழி எதிர்ப்பக்கம் சுற்றியிருக்கிறது. புரட்டித் தைத்தால் முடிச்செல்லாம் பல்லிளிக்கும். மறுபடி பின்ன நேரமும் இல்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்பாவும் மகளும் வந்ததும் நடந்ததைச் சொன்னேன். ஸ்டெல்லா முகம் வாடிப்போனது. அவர் லேஸை வாங்கிச் சங்குக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு முகமெல்லாம் சிரிப்பாக மகளிடம் சொன்னார்: "அழாத பாப்பா, இது வலம்புரி. இத்தினி வருசமா கடலுக்குப் போறேன், என் வலையில ஒண்ணுகூட விழல. இந்தத் தங்கச்சி வலையில விழுந்துடுச்சி பாரு."

இப்போது குருசுக்குப்பத்துக் கல்யாணப் பெண்கள் எல்லாரும் அந்தத் தப்புச் சுழியைத்தான் கேட்கிறார்கள், சரியாகப் பின்னினால்தான் எனக்குத் திட்டு விழுகிறது.