அஞ்சுகிராமம் சோதனையில் ஒரு ஸ்பானிஷ் வார்த்தை

இன்று பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்த ஆளை எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

மடியில் இருந்த தகரப் பெட்டியில் விரலால் தட்டிக்கொண்டே, "ரெஸ்… பொன்… சா… பி… லி… தாத்!" என்று முணுமுணுத்தார். கடைசித் தட்டு மட்டும் பலமாக விழுந்தது.

என் காலடியில், திருநெல்வேலிப் பக்கத்து அக்கா கொடுத்துவிட்ட அரிசி. எல்லை தாண்டிக் கொண்டுபோக அரசாங்கம் தடை போட்டிருக்கும் அரிசி. இந்த ஆள் மூட்டைகளை எண்ணும் போலீஸ் ஒற்றன் என்றே முடிவு கட்டினேன்.

"என்ன ஓய் எண்ணுதீரு?"

"எண்ணல்ல, ஸ்பானிஷாக்கும். கப்பல்ல படிச்சது. நீட்டு வார்த்தையைத் துண்டு துண்டா முறிச்சு, ஒரு துண்டுல மட்டும் அழுத்தணும். இதுக்குக் கடைசித் துண்டு. அர்த்தம், பொறுப்பு."

அஞ்சுகிராமத்தில் சோதனைக்கு ஏறிய போலீஸ்காரரும் அதையே கேட்டார். அவருக்கும் பாடம் நடந்தது. அவர் முதல் துண்டிலேயே அழுத்த, பஸ்ஸே சிரித்தது. பின்சீட்டு வேதக்காரப் பெண்கள், மாதா கோவில் பாட்டுக்குத் தட்டுவதுபோல் கைதட்டித் தாளம் கொடுத்தார்கள். ஒருவழியாகச் சரியாகச் சொல்லிவிட்ட சந்தோஷத்தில் போலீஸ்காரர், "வண்டிய எடுலே!" என்று இறங்கிப் போனார்.

என் அரிசி தப்பியது.

நாகர்கோவிலில் இறங்கிய பிறகுதான் உறைத்தது. அந்தத் தகரப் பெட்டியையும் யாரும் திறக்கவில்லை.

அது ஸ்பானிஷ்தானா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பெட்டிக்குள் என்ன இருந்ததென்று தெரிந்தால் அதையும்.