மேனகா டீச்சரின் பிரேக்

மாத்தளை டவுனில் மேனகா டீச்சரின் காரைப் பார்க்காதவர்கள் இருக்கலாம், கேட்காதவர்கள் இருக்க முடியாது. காலை ஆறு மணிக்கு மந்தண்டாவளையில் அந்த மொரிஸ் மைனர் இருமத் தொடங்கினால் அக்கம்பக்கத்தில் யாருக்கும் அலாரம் தேவையில்லை. அவளைவிட இருபது வயது மூத்த கார். இன்று வாகனம் விற்கிற விலையில் ஒரு டீச்சர் வேறு எதைத்தான் வாங்குவாள்?

முப்பத்தெட்டாவது வயதில், மூன்றாவது தடவையில் லைசென்ஸ் எடுத்தவள் அவள். முதல் இரண்டு தடவையும் பெயிலாக்கிய மனிதரைப் பற்றி இப்போதும் ஏதாவது சொல்வாள். அதை இங்கே எழுத முடியாது. எல்கடுவைப் பக்கம் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பிக்கிறாள். காரின் முன் சீட்டில் அவளுக்குப் பக்கத்தில் இருப்பது கணக்கு டீச்சர் ஹமீமா, கொங்காவளைக்காரி. இரண்டு பேரும் ஒரே நாளில் அந்தப் பள்ளிக்கு நியமனம் பெற்று வந்தவர்கள். பதினெட்டு வருசமாகிறது. ஒருத்தி வீட்டுக் கறி மற்றவளுக்கு அத்துப்படி.

காரில் குறை ஒன்றுதான், ஆனால் அது பிரேக்கில் இருந்தது. முதல் மிதியில் ஒன்றும் நடக்காது. இரண்டாம் மிதியில்தான் கார், 'என்னையா கூப்பிட்டாய்?' என்று யோசிக்கும். கராஜ்காரர் சாலிஹ் நானா மாசியிலேயே சொல்லிவிட்டார்.

"டீச்சர், இந்தப் பழைய ட்ரம் பிரேக் மலைக்குச் சரிவராது. இறக்கத்தில சூடேறிச்சுன்னா பிடிக்கவே பிடிக்காது. முன்னுக்கு டிஸ்க் போட்டுடுவோம். மூணு கெழமை, ஒரு இருபது நாளைக்குக் காரை விடுங்க."

மேனகா விட்டாளா? கோயில் தேர் முடியட்டும் என்றாள், தவணைப் பரீட்சை முடியட்டும் என்றாள், வெசாக் பண்டிகை முடியட்டும் என்றாள். ஒருநாள் ஹமீமாவே கேட்டாள்.

"என்ன மேனகா, ரெண்டு தரம் மிதிக்கிற? பிரேக் சரியில்லையா?"

"சே! பழைய கார்ன்னா அப்படித்தான். பூ மாதிரி பிடிக்குது."

பொய் சொல்ல இவளுக்கு வேறு இடமா கிடைக்கவில்லை? உண்மையைச் சொன்னால் ஹமீமா விடிய முன்னமே எழும்பி பஸ்ஸுக்கு ஓடுவாள், தான் தனியே போகவேண்டும் என்ற பயம் ஒரு பக்கம். கார் ஓட்டத் தெரிந்தவள் என்கிற பெருமை, அந்தக் கெப்பர், மறுபக்கம்.

பிறகு வந்தது அந்த மத்தியானம். பள்ளி விட்டு இறங்கி வருகிறார்கள். தேயிலை பெக்டரிக்குக் கீழே உள்ள வளைவில் ஏதோ தீய்ந்த மணம். மேனகா மிதித்தாள். மறுபடி மிதித்தாள். மூன்று, நான்கு. பெடல் சும்மா தரையில் போய் உட்கார்ந்தது. கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை இரண்டு கையாலும் இழுத்து, எப்படியோ காரை மலைப்பக்கமாய்த் தண்ணீர் ஓடும் கானுக்குள் விட்டாள். ஒரு லைட் உடைந்தது, மட்கார்ட் நெளிந்தது. மனிசருக்கு ஒரு கீறல் இல்லை. மறுபக்கம் என்ன இருந்தது என்று இரண்டு பேரும் எட்டிப் பார்க்கவில்லை.

"யா அல்லாஹ்" என்றாள் ஹமீமா. குனிந்து அந்தப் பெடலைப் பார்த்தாள். "இன்டைக்குத்தானா இப்பிடி?"

"இன்னைக்குத்தான் ஹமீமா. காலையில நல்லாத்தானே இருந்திச்சு."

பாருங்கள், உயிர் போய் உயிர் வந்த அந்த நேரத்திலும் பொய்!

சாலிஹ் நானா கேபிள் போட்டுக் காரை இழுத்துக்கொண்டு போனார். அடுத்த நாளிலிருந்து இரண்டு டீச்சர்மாருக்கும் ஒரே பஸ். ஆனால் ஹமீமா எப்போதும் வேறு யாரோடாவது போய் உட்கார்ந்துகொண்டாள். சண்டையா என்றால் சண்டையில்லை. வினாத்தாளைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்வாள், கோழிக்கறி கொண்டுவந்தால் ஒரு துண்டு வைப்பாள். காரைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. மூன்றாம் வாரம் ஒஃபிஸில் வைத்து அதிபர் சொல்லித்தான் மேனகாவுக்குத் தெரிந்தது, ஹமீமா இடமாற்றத்துக்கு விண்ணப்ப ஃபோம் எடுத்துவிட்டாள் என்று. டவுனிலேயே ஒரு பள்ளிக்கு. அன்றிரவு மேனகாவுக்குச் சோறு இறங்கவில்லை.

கார் தயாரான சனிக்கிழமை அவள் கராஜுக்குப் போனாள். ஏதோ ஒரு ஜப்பான் காரிலிருந்து கழற்றிய டிஸ்க், அதைப் பிடிக்கிற கலிப்பர், லேத்தில் கடைந்தெடுத்த தாங்கி, பிரேக் எண்ணெய்க்குப் புது ஓஸ், போதாததற்கு மிதியை லேசாக்க ஒரு பூஸ்டர். சாலிஹ் நானா பக்கத்து சீட்டில் ஏறினார். ரோட்டில் கொஞ்சத் தூரம் போனதும், "பிடிங்க பாப்போம்" என்றார். மேனகா பழைய ஞாபகத்தில் முழு பலத்தோடு ஓங்கி மிதித்தாள். கார் ஆணி அடித்த மாதிரி நின்றது. நானாவின் தொப்பி கண்ணாடியில் போய் விழுந்தது.

"டீச்சர்! அது பாம்பை அடிக்கிற மிதி. இதுக்குக் காலை வச்சாப் போதும்!"

அவள் காலை வைத்துப் பார்த்தாள். நின்றது. ஓட்டினாள், வைத்தாள், நின்றது. நாலைந்து தடவை அப்படிச் செய்துவிட்டு ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதாள். நானா பயந்துவிட்டார். "என்ன டீச்சர், நல்லாத்தானே பிடிக்குது?" நல்லாய்ப் பிடிப்பதால்தான் அழுகை வந்தது. இவ்வளவு சுலபமான ஒன்றைச் செய்யாமல் ஒருத்தியின் உயிரோடு விளையாடியிருக்கிறோமே என்று.

அங்கிருந்து நேரே ஹமீமா வீட்டுக்குப் போனாள். ஹமீமா முற்றத்தில் கிராம்பு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். மேனகா உட்காரவுமில்லை.

"பிரேக் மூணு மாசமாவே சரியில்ல. சாலிஹ் நானா அப்பவே சொன்னாரு. தெரிஞ்சுதான் ஒன்னை ஏத்திக்கிட்டுப் போனேன். நீ கேட்டப்பவும் பொய் சொன்னேன், கானுக்குள்ள வச்சும் பொய் சொன்னேன். இப்ப டிஸ்க் போட்டாச்சு. நீ வரணும்னு சொல்ல வரல. இதச் சொல்லத்தான் வந்தேன்."

ஹமீமா கையிலிருந்த கிராம்பைப் பாயில் உதறினாள்.

"எனக்குத் தெரியும். ஓட்ட மட்டும் தெரியாதே தவிர காது கேக்குந்தானே? பிரேக் இல்லாட்டி பஸ்ஸில போலாம் மேனகா. நீ சொல்றத நம்ப ஏலாட்டி நான் எதுல போற?"

மேனகா கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி வெளிக் கேற்றடிக்கு வந்துவிட்டாள். பின்னாலிருந்து குரல் வந்தது.

"திங்கக்கெழம எத்தன மணிக்கு வார?"

திங்கள் காலை ஏறும்போது ஹமீமா கைப்பையை நெஞ்சோடு அணைத்து, கதவுப் பிடியை இறுக்கிப் பிடித்திருந்தாள். ஏற்றத்தில் ஒன்றும் தெரியவில்லை. பரீட்சை இறக்கத்தில்தானே? மத்தியானம் திரும்பி வருகையில், பெக்டரியைத் தாண்டிய அதே வளைவில் ஒரு பஸ் முழு ரோட்டும் தனக்கே என்பதுபோல ஏறிவந்தது. மேனகா காலை வைத்தாள். ஒரே ஒரு தரம். கார் நின்றது. பஸ்ஸின் பம்பருக்கும் காருக்கும் நடுவில் ஒரு மாடு தாராளமாய்ப் போகலாம். பஸ்காரர் தலையை வெளியே நீட்டி, "நியமய் மிஸ்!" என்று சிங்களத்தில் பாராட்டிவிட்டுப் பின்னுக்கு எடுத்தார். மேனகாவுக்கு வயிற்றில் பாலை வார்த்த மாதிரி இருந்தது. பக்கத்தில் பார்த்தாள். ஹமீமா மூச்சை மெல்ல விட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்த ஃபோமை நான் இன்னம் குடுக்கல்ல" என்றாள். "கிழிச்சிப் போடோணும்."

"கிழி. நல்லாக் கிழி" என்றாள் மேனகா.

அதற்குப் பிறகு பேச்சில்லை. ஏதாவது கோபமோ என்று இரண்டு வளைவு கழித்துத் திரும்பிப் பார்த்தால், ஹமீமா தூங்கிவிட்டாள். தலை கண்ணாடியில் சாய்ந்திருந்தது, கைப்பை காலடியில் கிடந்தது. பதினெட்டு வருசத்தில் அந்த இறக்கத்தில் அவள் கண் மூடி மேனகா பார்த்ததேயில்லை. பஸ்ஸில்கூட விழித்தபடிதான் வருவாள். மேனகா ஹோர்னைத் தொடவில்லை, குழியெல்லாம் சுற்றிச் சுற்றி விலக்கினாள்.

கொங்காவளை வந்தது. எழுப்ப மனம் வரவில்லை. வீட்டைத் தாண்டி மெதுவாக டவுன் பக்கம் விட்டாள். மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் ஹமீமா பாதி கண்ணைத் திறந்தாள்.

"வீடு வந்திட்டா?"

இன்னும் இல்லை, தூங்கு என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. மேனகா அதை விழுங்கினாள்.

"வந்து, தாண்டியும் வந்தாச்சு. நீ தூங்கினியேன்னு சும்மா ஒரு ரவுண்டு போறேன்."

"அப்ப இன்னொரு ரவுண்டு போ" என்று ஹமீமா மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள்.