அண்ணாச்சியின் பேஸ் கிடாரும் எடைக்கற்களும்

திருவொற்றியூரில் எங்கள் தெருவுக்கு அவர் வெறும் அண்ணாச்சி. அய்யாத்துரை என்ற பெயர் கடை போர்டில் இருக்கிறது. மளிகை வாங்க வருகிறவன் போர்டையா படிக்கிறான்? காலையில் ஷட்டரைத் தூக்கினால் இரவு இறக்கும்வரை பருப்பும் புளியும் நிறுத்துப் போடுகிற மனிதர். அவர் எங்கள் மெல்லிசைக் குழுவில் பேஸ் கிடார் வாசித்தார் என்றால் பாதிப் பேர் நம்ப மாட்டார்கள். அவருக்குப் பின்னால் உட்கார்ந்து டிரம்ஸ் அடித்தவன் நான்.

பேஸ் கிடார் ஒரு பாவப்பட்ட வாத்தியம். கல்யாண வீட்டில் பாடுகிறவனைப் பார்ப்பார்கள், கீபோர்டுக்காரனைப் பார்ப்பார்கள், என்னைக்கூடத் திட்டுவதற்காகவாவது பார்ப்பார்கள். பேஸ் வாசிக்கிறவனை ஒரு நாயும் திரும்பிப் பார்க்காது. ஆனால் அது இல்லாத பாட்டு உப்பில்லாத குழம்புதான்.

குழுவை நடத்துகிற மனோகரன் காசிமேட்டுக்காரர். விசைப்படகு வேலை போக மிச்ச நேரத்தில் பாடுவார். ஒத்திகைக்கு இடமில்லாமல் அண்ணாச்சியின் குடோனைக் கேட்டோம், கொடுத்தார். அரிசி மூட்டைகளுக்கு நடுவே நாங்கள் போட்ட கூச்சலை மனிதர் ரசித்துக் கேட்டிருக்கிறார். எங்கள் பேஸ்காரன் குவைத்துக்குக் கிளம்பியபோது, "அந்தக் கிடார எனக்குக் குடுங்கடே, நான் பாத்துக்கிடுதேன்" என்றார். சிரித்தோம். ஒரு வருஷத்தில் எங்கள் சிரிப்பு அடங்கிவிட்டது. நான் தாளத்தில் தடுமாறினால் அவரைப் பிடித்துக்கொண்டுதான் கரையேறுவேன்.

அவருடைய அண்ணன் சுடலைராஜுக்கு வண்ணாரப்பேட்டையில் ஜவுளி மொத்த வியாபாரம். ஒருநாள் எங்கள் எல்லாருக்கும் முன்னாலேயே, "கடையப் பாக்காம கூத்தாடிப் பயலுவகூட என்னலே சுத்துத?" என்று கேட்டார். அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. பிறகு அந்த அண்ணன் மகளுக்கே கல்யாணம் நிச்சயமானது. வரவேற்புக்குச் சித்தப்பாவின் குழுதான் வாசிக்க வேண்டும் என்று மணப்பெண் பிடிவாதம் பிடித்து ஜெயித்துவிட்டாள்.

"எங்க ஆளுக முன்னால ஒருக்கா வாசிச்சிரணும்டே பிரகாசு. அண்ணன் அதக் கேக்கணும்" என்றார் அண்ணாச்சி என்னிடம். வேறு எதற்கும் ஆசைப்பட்டு நான் அவரைப் பார்த்ததில்லை.

இதற்குக் குறுக்கே நின்றது அந்தக் கிடார். மலிவான சரக்கு. உடம்பு லேசான பலகை, கழுத்து நீளம், தலையில் கம்பியை முறுக்கும் நாலு கனத்த இரும்புச் சாவிகள். தோளில் மாட்டிக் கையை விட்டால் தலை தரையைப் பார்த்துத் தொங்கும். கம்பியை அழுத்த வேண்டிய இடது கை கழுத்தைத் தூக்கிப் பிடிக்கும் கூலி வேலையைப் பார்த்தது. விரல் மரத்துப் போகிறது என்று அடிக்கடி உதறிக்கொள்வார்.

ராயபுரத்தில் மரவேலை செய்யும் மதார் சாகிப் புரட்டிப் பார்த்துவிட்டு உடனே சொன்னார். "வாரு மாட்ற குமிழு ரொம்பப் பின்னாடி கீது அண்ணாச்சி. ஒரு கட்ட ஒட்டி அத்த கழுத்துப் பக்கம் தள்ளிட்டா நேரா நிக்கும். வாரையும் அகலமா போட்டுக்க."

"நல்ல மரத்துல ஓட்டை போடவா? வேண்டாம் பாய்" என்று கிடாரை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

முப்பது வருஷம் தராசு பிடித்த கை அது. ஒரு தட்டு தாழ்ந்தால் அடுத்த தட்டில் கல்லை வை, அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்த நியாயம். எலக்ட்ரானிக் தராசு வந்தபிறகு பழைய எடைக்கற்கள் மூலையில் சும்மா கிடந்தன. மனைவி ராமசெல்வி அரிசிச் சாக்கில் சின்னப் பை தைத்துத் தந்தார். அண்ணாச்சி அதில் கல்லைப் போட்டுக் கிடாரின் வால் பக்கம் கட்டினார். கால் கிலோ பற்றவில்லை. அரை கிலோவுக்கும் தலை சாய்ந்தது. ஒரு கிலோவும் அதற்கு மேல் கொசுறும் சேர்ந்தபோது இரண்டு கையையும் விட்டு நின்றார். கிடார் அசையாமல் நின்றது.

மனோகரன் விசில் அடித்தார். "சும்மா ஜம்முனு நிக்குது அண்ணாச்சி!"

நான் எண்ணூரில் லாரி ஷெட்டில் மெக்கானிக். "ஒரு பக்கம் சாயிற வண்டிக்கு அடுத்த பக்கம் பாரம் ஏத்துனா நேரா நிக்கும், ஆனா அடில ஸ்பிரிங் பட்டை ஒடஞ்சிடும் அண்ணாச்சி" என்றேன். "லாரி வேற, இது வேறடே" என்று சிரித்தார்.

கல்லோடு சேர்த்து அத்தனை கனமும் ஒரு ஒல்லி வாரில் அவருடைய இடது தோளில் தொங்கியது. கழுத்தைத் தூக்கிப் பிடிக்கும் வேலை போய்விட்டது, இனி விரல் சரியாகிவிடும் என்று நம்பினார். மரப்பு கூடியது. பழகப் பழகச் சரியாகும் என்று மத்தியானம் கடையில் கூட்டமில்லாத நேரமெல்லாம் அதை மாட்டிக்கொண்டு நின்றார். யார் சொல்லைக் கேட்டார் அந்த மனிதர்!

ஒருநாள் சீரகம் வாங்கப் போனேன். பொட்டலத்து நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு வலது கையால் சுற்றிக்கொண்டிருந்தார்.

"கையி இன்னாச்சு அண்ணாச்சி?"

"ஒண்ணுமில்லடே. கிடார் கழுத்தத் தூக்கிப் பிடிச்ச அசதி."

இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். கழுத்திலிருந்து தோள் வழியாக விரலுக்குப் போகிற நரம்பு நசுங்கியிருக்கிறது என்றார் டாக்டரம்மா. தோளில் என்ன சுமப்பீர்கள் என்று கேட்டதற்கு, அண்ணாச்சி சின்ன வயசில் மூட்டை தூக்கியதை மட்டும் சொன்னார். கிடாரையும் கல்லையும் நான்தான் சொன்னேன். "உடனே நிறுத்துங்க. நிறுத்தினாலும் விரல்ல பலம் பழையபடி வரும்னு என்னால உறுதி சொல்ல முடியாது" என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில், "கல்லு வச்சதுதானாடே?" என்று கேட்டார். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

"ஒரு சாயங்காலம்தான. அத முடிச்சிட்டு விட்டுருதேன்" என்றார்.

அன்றே கிடாரை மதார் சாகிப்பிடம் கொடுத்தேன். அவர் சொன்னபடியே கட்டை ஒட்டி, குமிழை முன்னுக்குத் தள்ளி, அகலத் தோல் வார் மாட்டித் தந்தார். கல்லே இல்லாமல் கிடார் பூப்போல லேசாக, நேராக நின்றது. இதை முதலிலேயே செய்திருக்கலாம் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

வரவேற்பு வண்ணாரப்பேட்டை மண்டபத்தில். முன்வரிசையில் சுடலைராஜ், சுற்றி மொத்தச் சொந்தமும். பட்டுப்புடவையில் ராமசெல்வி. புருஷன் மேடையேறி வாசிப்பதை அவர் அதற்குமுன் பார்த்ததே இல்லை.

முதல் பாட்டு சமாளித்துவிட்டார். இரண்டாவதில் மோதிர விரலும் சுண்டு விரலும் கம்பியை அழுத்தவில்லை. சுரம் வர வேண்டிய இடத்தில் 'டப்' என்று கட்டைச் சத்தம் வந்தது. கையை மாற்றி மாற்றி அழுத்திப் பார்த்தார். பாடிக்கொண்டிருந்த மனோகரன் திரும்பிப் பார்த்தார். கீபோர்டில் இருந்த அஃப்ரித் இடது கையைக் கீழ்க் கட்டைகளுக்குக் கொண்டுபோனான். கீபோர்டிலிருந்தே பேஸ் சுத்தமாக வர ஆரம்பித்தது. மனோகரன் மைக்செட்காரரைப் பார்த்து லேசாகக் கை காட்டினார். அண்ணாச்சியின் பக்கத்திலிருந்த ஸ்பீக்கர் பெட்டி ஊமையானது.

அவருக்குத் தெரிந்துவிட்டது. முதுகைப் பார்த்தே எனக்குப் புரிந்தது. ஆனால் நிறுத்தவில்லை. கடைசிப் பாட்டு வரைக்கும், வராத சத்தத்துக்கு விரலை அசைத்துக்கொண்டே நின்றார். கீழே ஒருத்தருக்கும் தெரியவில்லை. பாட்டில் ஒரு குறையும் இல்லை. அதுதான் என் வயிற்றெரிச்சல். டிரம்ஸைத்தான் போட்டு அடித்தேன்.

முடிந்ததும் சுடலைராஜ் பொன்னாடையோடு மேடையேறினார். மனோகரனுக்கு ஒன்று போட்டார். இன்னொன்றைத் தம்பிக்குப் போர்த்தி, எல்லார் முன்னாலும் இழுத்து அணைத்துக்கொண்டார். ராமசெல்வி கீழே முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

"நல்லாத்தாம்லே வாசிக்க. இவ்வளவு நாளும் தெரியாமப் போச்சே" என்றார் சுடலைராஜ். "அடில கும்கும்னு வந்துச்சே, அது ஒன் சத்தந்தான?"

வயரைச் சுருட்டிக்கொண்டிருந்த அஃப்ரித் நிமிரவே இல்லை. அண்ணாச்சி அவனை ஒரு தரம் பார்த்தார். அப்புறம் அண்ணனைப் பார்த்தார்.

"ஆமாண்ணே" என்றார்.